வால்வு எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு குடியிருப்போர் சங்கத்தில் ஆறு வருடம் செயலாளராக இருந்தவன் நான். தேர்தலெல்லாம் நடக்கவில்லை. பொதுக்குழுவுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன், போவதற்குள் என் பெயரை எழுதிவிட்டார்கள். அந்தப் பதவியோடு வந்து சேர்ந்த வேலைகளில் ஒன்று, குளிர்காலம் தொடங்குமுன் வீட்டுக்கு வீடு ஒரு சுற்றறிக்கை அனுப்புவது. பனி விழும் இடங்களில் எந்தச் சங்கமும் இதைத் தவறவிடாது. எல்லோருக்கும் அது வந்து சேரும். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது வேறு கதை.

என் முதல் சுற்றறிக்கையில் ஒரு வரி எழுதினேன்: 'குடியிருப்போர் அனைவரும் தத்தம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் குறித்துத் தேவையான முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' எழுதி முடித்ததும் எனக்கே கம்பீரமாக இருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழவில்லை என்பது குளிர் நன்றாகப் பிடித்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் விடியற்காலை போன் அடித்தது. பக்கத்துத் தெரு அம்மா. "சார், எதிர் வீட்டிலிருந்து தண்ணீர் வருகிறது. அவர்கள் ஊரில் இல்லை." ஓடிப்போய்ப் பார்த்தேன். வாசல் கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, படியில் இறங்கி, மூன்றாம் படியில் கண்ணாடித் தகடு போல உறைந்திருந்தது. உள்ளே சோவென்று சத்தம் மட்டும் கேட்டது. சாவி யாரிடம் இருக்கிறது? தெரியாது. வீட்டுக்குள் தண்ணீரை அடைக்கும் மெயின் வால்வு எங்கே? தெரியாது. தெருவில் ஒரு மூடி இருந்தது. ஆனால் அதற்கடியில் இருப்பதை அடைக்க நீளமான தனிச் சாவி வேண்டும், அது தண்ணீர்த் துறை ஆட்களிடம்தான் இருக்கும். அவர்கள் வந்து சேர்வதற்குள் மேல்தளத்துத் தண்ணீர் கூரைப் பலகையை ஊறவைத்து, சோபாவின் மேல் இறக்கிவிட்டது. பத்துப் பேர் வெளியே கைகட்டி நின்றோம். என் கம்பீரமான வரி அத்தனை பேர் வீட்டுக்கும் போயிருந்தது.

ஊருக்குக் கிளம்பும்போது செலவு மிச்சம் என்று ஹீட்டரை முழுக்க அணைத்துவிட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அணைக்காதீர்கள், குறைந்தது 13 டிகிரி செல்சியஸில் வைத்துவிட்டுப் போங்கள் என்று நான் எங்கே எழுதினேன்?

குழாய் ஏன் வெடிக்கிறது என்பதையும் அப்புறம்தான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. அதுவரை எல்லோருக்கும் தெரியும். பனிக்கட்டி இருக்கும் இடத்தில்தான் குழாய் பிளக்கும் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குழாயின் நடுவில் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொள்கிறது. அது வளர வளர, அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் நெருக்கப்படுகிறது. போக வழியில்லாமல் அந்த அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தைப் பிளக்கிறது. அதனால்தான் கடுங்குளிர் இரவில் குழாயை மெல்லிய நூல் போல ஒழுகவிடச் சொல்கிறார்கள். அழுத்தத்துக்கு ஒரு வாசல். வெடித்தது உடனே தெரியாது என்பது இன்னொரு வம்பு. பனிக்கட்டியே அடைப்பாக நின்று தண்ணீரைத் தடுத்துவைத்திருக்கும். குளிர் தணிந்து, 'அப்பாடா' என்று நாம் மூச்சு விடும் நாளில்தான் கொட்டும்.

உறைந்துவிட்டது, ஆனால் இன்னும் வெடிக்கவில்லை என்றால் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, முடி உலர்த்தும் டிரையரால் குழாய்வாய்ப் பக்கத்திலிருந்து பின்னோக்கிச் சூடு காட்டிக்கொண்டே போக வேண்டும். நெருப்பைக் காட்டக் கூடாது. குழாய்க்குக் காட்டிய நெருப்பு சுவருக்குள் இருக்கும் மரத்தைப் பிடித்துக்கொண்டால் குழாயோடு வீடும் போய்விடும்.

சரி, பனி அள்ளும் விஷயத்துக்கு வருவோம். சங்கத்துக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். காண்ட்ராக்டரோடு பருவத்துக்கு மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்ளலாம், அல்லது வந்து போகும் ஒவ்வொரு தடவைக்கும் தனிக்கூலி என்று வைத்துக்கொள்ளலாம். பனி குறைந்த வருடத்தில் முதல் ஏற்பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டவரை எல்லோரும் முறைப்பார்கள். பனி கொட்டித் தீர்த்த வருடத்தில் இரண்டாவதற்குப் போட்டவரை. நான் இரண்டுக்கும் முறைக்கப்பட்டிருக்கிறேன்.

புகார் செய்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. எத்தனை அங்குலம் விழுந்தால் வண்டி வரும், பனி நின்று எத்தனை மணி நேரத்துக்குள் வரும், பொதுப்பாதை வரைக்குமா அல்லது வீட்டுப் படி வரைக்குமா என்ற மூன்றையும் சுற்றறிக்கையின் தலையிலேயே போட்ட வருடம் அழைப்புகள் சட்டென்று குறைந்தன. ஆனால் வரப்புச் சண்டை மட்டும் ஓயவில்லை. பனித்தள்ளி வண்டி தெருவைத் துப்புரவாக வழித்துக்கொண்டு போகும், போகிற போக்கில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு கட்டிவிட்டுப் போகும். காலையில் எழுந்து வாசலைச் சுத்தமாக அள்ளியவருக்கு வயிறு எரியும். அது யார் பொறுப்பு என்று எழுதிவைக்காத சங்கத்தில் இரண்டு நல்ல மனிதர்கள் ஒரு வரப்புக்காகப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வார்கள். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

அந்த வரப்பு இலேசானதும் இல்லை. வண்டி அழுத்திய பனி, ஈரம் கோத்தது. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறியிருக்கும் நேரத்தில், பழக்கமில்லாத உடம்பு அதை மூச்சைப் பிடித்துத் தூக்கினால் இதயம் திணறும். மாரடைப்பு வந்தவர்களும் உண்டு. தூக்காமல் தள்ளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, நடுவில் உள்ளே போய் உட்கார்ந்து வந்து தள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கம் தெரிந்தால் வரப்பை அப்படியே போட்டுவிட்டு உதவிக்குக் கூப்பிடுங்கள்.

அப்புறம் உப்பு. பை பையாக உப்பு வாங்கிப் பாதையில் கொட்டினால் சங்கம் வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சாதாரண உப்பு ஏறக்குறைய மைனஸ் 9 டிகிரி வரைக்கும்தான் உருப்படியாக வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் எவ்வளவு கொட்டினாலும் மேலே கிடந்து பார்த்துக்கொண்டிருக்கும். கால்சியம் குளோரைடு இன்னும் கடுங்குளிரிலும் உருக்கும், ஆனால் விலை கூடுதல். மணல் எதையும் உருக்காது, காலுக்குப் பிடிமானம் தரும். வழுக்காமல் இருந்தால் போதும் என்கிற நாளில் மணலே போதும். மிஞ்சிய உப்பு எங்கும் போய்விடுவதில்லை. கரைந்து செடியின் வேருக்கும் கிணற்றுக்கும் ஓடைக்கும் போகிறது, கான்கிரீட்டை அரிக்கிறது, நாய்களின் பாதத்தைப் புண்ணாக்குகிறது. பாதை காய்ந்த பிறகு கிடக்கும் உப்பைப் பெருக்கி எடுத்து அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னதற்காக ஒரு கூட்டத்தில் என்னைக் கஞ்சன் என்றார்கள்.

இனி சொல்லப்போவதில் விளையாட்டு இல்லை. இந்தக் காலத்து எரிவாயு ஹீட்டர்கள் பலவற்றின் புகைக்குழாய் கூரைக்குப் போவதில்லை, பக்கச் சுவர் வழியாகத் தரைக்குக் கொஞ்சம் மேலே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே இரவில் பனி அதை மூடிவிடும். மூடினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து சளிக்காய்ச்சல் போலத் தோன்றும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் தெளிகிறது என்றால் அது சளிக்காய்ச்சல் இல்லை. உடனே எல்லோரும் வெளியே வந்துவிட்டு அவசர உதவியை அழைக்க வேண்டும். படுக்கையறைப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கைக் கருவி இருக்கட்டும். கராஜுக்குள் காரை ஓடவிட்டுச் சூடாக்கும் பழக்கம் கதவு திறந்திருந்தாலும் ஆபத்துதான். பனி நின்றதும் வாசலை அள்ளுவதற்கு முன்னால் அந்தப் புகைக்குழாயைப் போய்ப் பாருங்கள். சுற்றறிக்கையில் இந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டோம்.

குப்பை வண்டி வரும் நாள் மாறுவது, தெருமுனைத் தீயணைப்புக் குழாயைச் சுற்றி ஒரு மீட்டர் பனி அகற்றுவது, பனித்தள்ளி வண்டி வரும் இரவில் காரைத் தெருவில் நிறுத்தாமல் இருப்பது இவையெல்லாம் சுற்றறிக்கையில் ஆளுக்கொரு வரி போதும்.

தனியாக இருக்கும் வயதானவர்கள் விஷயத்தில் ஒரு வரி போதாது. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. வயதானவர்களுக்கு அது வீட்டுக்குள்ளேயே, மெதுவாக, அவர்களுக்கே தெரியாமல் நடக்கும். பேச்சு குழறும், தூக்கம் தூக்கமாக வரும். மின்சாரம் போன இரவில் யார் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று எங்கள் சங்கம் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டது. சம்மதம் சொன்னவர்களின் பெயர் மட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தட்டப்போகிறவரின் பெயர். அதை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள், நான் ஒப்பவில்லை. யார் தனியாக இருக்கிறார், யார் ஊரில் இல்லை என்பதெல்லாம் கைக்குக் கை பரவ வேண்டிய செய்தி அல்ல. தாளில் எழுதி இரண்டு பேரிடம் இருந்தது.

கடைசி வருடம் நான் எழுதிய சுற்றறிக்கை ஒரே தாள். முன்பக்கம் இதெல்லாம். பின்பக்கத்தில் இரண்டே கேள்விகள், பக்கத்தில் வெற்றிடம். 'நீங்கள் ஊரில் இல்லாதபோது சாவி யாரிடம்? மெயின் வால்வு எங்கே?' நிரப்பித் திருப்பித் தரச் சொல்லியிருந்தோம். நிறையப் பேர் தந்தார்கள். ஒரு பெரியவர் வெறும் தாளைக் கொண்டுவந்து, "எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை, வந்து தேடிக்கொடுங்கள்" என்றார். நானும் அவருடைய பேரனும் டார்ச் அடித்துக்கொண்டு அரைமணி நேரம் தேடினோம். மாடிப்படிக்கு அடியில், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. வீடு கட்டியதிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், துருவேறி அசையவே இல்லை. பிளம்பரை வரவழைத்தோம். அவர் இரண்டு கையாலும் முயன்று பார்த்துவிட்டு, இதை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். மறுநாளே மாற்றினார்கள். பெரியவர் அதைத் தானே ஒருமுறை மூடித் திறந்து பார்த்துவிட்டு, தாளை வாங்கி, 'படிக்கு அடியில், இடது பக்கம்' என்று எழுதிக் கொடுத்தார்.

வணக்கம்.