தெருவில் ஆடிய கரடிகள் எங்கே போயின?

(திரை கறுப்பாக இருக்கிறது. உடுக்கைச் சத்தம் மட்டும்.)

வணக்கம். இந்தச் சத்தத்தைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சின்ன வயது ஞாபகம் வந்திருக்கும். எனக்கு எங்கள் தெருமுனை வேப்பமரம் ஞாபகம் வருகிறது. அதன் அடியில் ஒருவர் கரடியோடு வந்து நிற்பார். உடுக்கையை ஆட்டிக்கொண்டே கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். கரடி பின்னங்காலில் எழுந்து இப்படியும் அப்படியும் அசையும். பயந்த பிள்ளையைக் கரடி முதுகில் உட்கார வைத்தால் பயம் தெளியும் என்பார்கள். என் பாட்டி என்னை உட்கார வைத்தார். கரடி முடி வைத்த தாயத்து ஒன்றும் வாங்கிக் கட்டிவிட்டார். அந்தக் கரடியின் பெரிய பாதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் கயிறு கரடியின் உடம்பில் எங்கே போய் முடிகிறது என்று நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை.

இன்றைக்கு அந்தக் கயிற்றைப் பார்ப்போம். அதை அறுத்தவர்களையும் பார்ப்போம்.

(திரையில்: தேன் கரடியின் முகம், மிக அருகில்.)

இது தேன் கரடி. நம்முடைய முண்டந்துறைக் காட்டிலும் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் நடமாடும் அதே கரடிதான். இதற்கு மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது. புற்றை நகத்தால் பிளக்கும், மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ளும், உதட்டைக் குழல் மாதிரி நீட்டி அந்தப் பல் இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சும். அந்த 'உர்ர்ர்' சத்தம் ரொம்ப தூரம் கேட்கும். பழம் எங்கே பழுத்திருக்கிறது, தேன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் மூக்குதான். குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு தாய்க்கரடி காடு சுற்றும். அந்த மூக்கு போனால் கரடிக்குப் பிழைப்பே போன மாதிரி.

கயிறு போட்டது அந்த மூக்கில்தான்.

காட்டிலிருந்து குட்டியைத் திருட வேண்டுமானால் தாய் குறுக்கே நிற்கும். பெரும்பாலும் அதைக் கொன்றுவிட்டுத்தான் குட்டியைத் தூக்குவார்கள். சில மாதம் வளர்ந்ததும் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, குட்டியின் மூக்குத்தண்டில் துளை போடுவார்கள். மயக்க மருந்தெல்லாம் கிடையாது. அந்தத் துளையில் முரட்டுக் கயிற்றைக் கோத்துவிடுவார்கள். கயிறு உரசிக்கொண்டே இருப்பதால் புண் ஆறாது. கடித்துவிடக் கூடாது என்று கோரைப்பற்களைத் தட்டி உடைப்பார்கள், நகங்களை வெட்டுவார்கள்.

அப்புறம் கயிற்றை மேலே இழுத்தால் என்ன ஆகும்? வலி தாங்காமல் கரடி எழுந்து நிற்கும். இழுக்கிற பக்கம் சாயும், விட்டால் திரும்பும். நாம் கைதட்டிப் பார்த்த ஆட்டம் இதுதான்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது குற்றம். ஆனாலும் இருபது, முப்பது வருடம் கழித்தும் ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் போகும் சாலையில், தாஜ்மகால் பார்க்க வந்த வெளிநாட்டுப் பயணிகளின் காரை மறித்துக் கரடிகள் ஆடிக்கொண்டிருந்தன. சட்டம் இருந்தும் ஏன் நிற்கவில்லை? இந்த வீடியோவை எடுத்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

(திரையில்: வறண்ட வட இந்தியக் கிராமம். மண் சுவர், கயிற்றுக் கட்டில்.)

கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர்கள் கலந்தர் சமூகத்தினர். ஒரு காலத்தில் முகலாய அரசவைகளில் வித்தை காட்டியவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. அரசவை போய் தெரு வந்தது, கரடி மட்டும் மாறவில்லை. நிலம் இல்லை, படிப்பு இல்லை, வேறு தொழில் தெரியாது. வீட்டில் அத்தனை பேருக்கும் சோறு போட்டது ஒரே ஒரு கரடி.

1995-இல் கார்த்திக் சத்யநாராயண், கீதா சேஷமணி இருவரும் வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எடுத்த எடுப்பில் போலீசைக் கூட்டிக்கொண்டு கரடி பிடிக்கப் போகவில்லை. முதலில் கலந்தர் கிராமங்களுக்குப் போய், அவர்களோடு உட்கார்ந்து பேசி, எத்தனை கரடிகள் இருக்கின்றன, குட்டி எங்கிருந்து வருகிறது, ஒரு நாளைக்கு என்ன கிடைக்கிறது என்று விசாரித்தார்கள். அதில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஒருவரிடமிருந்து கரடியைப் பறிமுதல் செய்தால், பசியில் இருக்கும் அந்தக் குடும்பம் கடன் வாங்கியாவது இன்னொரு குட்டியை வாங்கும். அந்தக் குட்டிக்காகக் காட்டில் இன்னொரு தாய் சாகும். ஒன்றை மீட்கப் போய் இரண்டை இழந்த கதைதான்.

அதனால் ஓர் உடன்படிக்கை போட்டார்கள். கரடியை ஒப்படைத்துவிட்டு, இனி இந்தத் தொழிலுக்குத் திரும்ப மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு வேறு தொழில் தொடங்க முதல் கிடைக்கும். ஒருவர் ரிக்‌ஷா வாங்கினார், இன்னொருவர் கடை வைத்தார். பெண்களுக்குத் தையலும் கைவேலையும் கற்றுக்கொடுத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். கரடி ஆட்டிய சிலரே மீட்பு மையங்களில் கரடிகளைப் பராமரிக்கும் வேலைக்கும் வந்தார்கள். எனக்கு இந்த அமைப்பின் மேல் மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான். கொடுமை செய்தவர் என்று ஒருவரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர் வீட்டு அடுப்பைப் பற்றி யோசிப்பதற்கு வேறு மாதிரி மனசு வேண்டும்.

(திரையில்: மரங்கள் சூழ்ந்த ஏரி, காலை நேரம்.)

ஆக்ராவுக்குப் பக்கத்தில் கீதம் ஏரியை ஒட்டி, சூர் சரோவர் பறவைகள் சரணாலயத்துக்குள் கரடிகளுக்கு இடம் தயாரானது. 2002 டிசம்பரில் முதல் கரடிகள் வந்து சேர்ந்தன.

வந்ததும் முதல் வேலை கயிறுதான். மயக்க ஊசி போட்டு, கரடி தூங்கியதும் மருத்துவர் கயிற்றை வெட்டி மெதுவாக உருவி எடுக்கிறார். சதையோடு ஒட்டிக்கிடந்த கயிறு. சீழைத் துடைத்து மருந்து வைக்கிறார்கள். உடைந்த பல் வேர்கள் அழுகியிருந்தால் எடுக்கிறார்கள். மனிதர்களோடு ஒட்டியே வாழ்ந்ததால் பல கரடிகளுக்குக் காசநோய் இருந்தது. அதனால் முதலில் தனியாக வைத்துப் பரிசோதனை செய்கிறார்கள்.

உடம்பு தேறினாலும் பழக்கம் சீக்கிரம் போவதில்லை. கயிறு இல்லை, உடுக்கை இல்லை, ஆனாலும் ஒரே இடத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் கரடிகள் உண்டு. அதை மறக்கடிக்கத்தான் மரக்கட்டையின் பொந்தில் தேனைத் தடவி வைக்கிறார்கள், ஏறி விளையாட மேடைகள் கட்டுகிறார்கள், குளிக்கக் குட்டை வெட்டுகிறார்கள். தேடித் தின்கிற வேலை வந்துவிட்டால் கரடிக்குத் தலையாட்ட நேரமில்லை.

"காட்டில் விட்டுவிடலாமே?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். விட முடியாது. பல் இல்லை, தாயிடம் கற்க வேண்டிய எதையும் கற்கவில்லை, மனிதரைக் கண்டால் ஒதுங்கவும் தெரியாது. காட்டில் பிழைக்காது.

ஆக்ராவுக்குப் பிறகு போபால், மேற்கு வங்கத்தின் புருலியா, பெங்களூரை அடுத்த பன்னேர்கட்டா என்று மையங்கள் வந்தன. பன்னேர்கட்டா நம் ஓசூருக்குப் பக்கம்தான். 2009 டிசம்பரில் ராஜு என்ற கரடியின் கயிற்றை வெட்டியது அங்கேதான். தெருவில் ஆடிய கடைசிக் கரடி என்று அதைச் சொன்னார்கள். அதற்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட கரடிகள் மீட்கப்பட்டிருந்தன.

முழுசாக முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 2017-இல் நேபாளத்தில் ரங்கீலா, ஸ்ரீதேவி என்ற இரண்டு கரடிகள் அகப்பட்டன. இரண்டையும் ஒரு மிருகக்காட்சி சாலையில் வைத்தார்கள். ஸ்ரீதேவி அங்கேயே இறந்துவிட்டது. ரங்கீலாவை மட்டும் 2018-இல் ஆக்ராவுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லை ஓரங்களில் குட்டி கடத்துவதைக் கண்காணிக்கிற வேலை இதனால்தான் இன்னும் நடக்கிறது.

இந்த அமைப்பு கரடியோடு நிற்கவில்லை. மதுராவில் 2018-இல் யானைகளுக்கென்று மருத்துவமனை திறந்தது. மகாராஷ்டிராவின் ஜுன்னர் பக்கம் கரும்பு வெட்டும்போது கிடைக்கும் சிறுத்தைக் குட்டிகளை, கண்ட இடத்திலேயே பெட்டியில் வைத்து, இரவில் தாய் வந்து கவ்விக்கொண்டு போகும்வரை காத்திருக்கிறார்கள். அதற்கு இன்னொரு வீடியோ போடலாம்.

சரி, நம் பக்கம் செய்ய வேண்டியது என்ன? கரடி முடி, கரடி நகம் என்று தாயத்தில் எது விற்றாலும் வாங்காதீர்கள். அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். எங்காவது குரங்கையோ கரடியையோ கட்டி வித்தை காட்டினால் பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். காசு மட்டும் போடாதீர்கள்.

(திரையில்: மாலை வெளிச்சம். கஞ்சிப் பாத்திரங்கள் வரிசையாக.)

ஆக்ரா மையத்தில் இப்போது நிறையக் கரடிகளுக்கு வயதாகிவிட்டது. கண்புரை, மூட்டுவலி. தெருவிலிருந்து புதுக் கரடிகள் கூட்டம் கூட்டமாக வருவது நின்றுவிட்டதால், பழையவை ஒவ்வொன்றாகக் குறைகின்றன. இடம் காலியாகிக்கொண்டே வருவதைத்தான் அங்கே எல்லோரும் விரும்புகிறார்கள். மாலையில் தானியம் போட்டுக் காய்ச்சிய கஞ்சி வருகிறது. கிழட்டுக் கரடி ஒன்று பாத்திரத்துக்குள் முகத்தைப் புதைத்து, அந்தப் பழைய 'உர்ர்ர்' சத்தத்தோடு உறிஞ்சுகிறது. நிமிரும்போது மூக்கெல்லாம் கஞ்சி. துளை இருந்த இடத்தில் முடி முளைக்காத தழும்பு ஒன்று தெரிகிறது.