லோடு வண்டிக்கு எந்த பிரேக் பேட்?

வணக்கம் நேயர்களே. மேட்டுப்பாளையத்தில் முப்பது வருடமாக பிரேக் வேலை மட்டும் பார்க்கிறவன் நான். என்ஜின் வேலை தெரியாதா என்றால், தெரியும்; தொடமாட்டேன், அவ்வளவுதான். பேச வரும்போது ஒரு பிஸ்கட் டப்பாவும் கொண்டுவந்திருக்கிறேன். அதில் என்ன என்று அப்புறம் சொல்கிறேன்.

எங்கள் பட்டறைக்கு அதிகம் வருபவை பிக்கப் வண்டிகள். ஊட்டி, கேத்தி பக்கம் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி, ராத்திரி இறங்கி, விடிவதற்குள் மண்டிக்கு வந்துவிடும். டிரைவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த கம்பெனி பேட் நல்லது?" நான் திருப்பிக் கேட்பேன்: "எங்கே ஓட்டுறே, எவ்வளவு ஏத்துறே?" பதில் தெரியாமல் பேட் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற மாதிரி.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் இறக்கம். வண்டியும் சரக்கும் சேர்ந்து 3 டன் என்று வையுங்கள். அந்த இறக்கம் முழுவதையும் பிரேக்கிலேயே பிடித்து வந்தால் உண்டாகிற சூட்டில், நூறு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கல்யாண வீட்டு அண்டா நிறைய வெந்நீர்! அதனால்தான் இரண்டாவது கியரில் இறங்கு, நியூட்ரலில் போடாதே என்று தொண்டை வறளச் சொல்கிறோம். கியரில் இறங்கினால் அந்தப் பாரத்தில் ஒரு நல்ல பங்கை என்ஜின் தாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க, சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டான டிஸ்க்கும், அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பேடும்தான்.

சில வருடங்களுக்கு முன் குன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி இறங்கிக்கொண்டிருந்தேன். பர்லியாறு டீக்கடை முன்னால் ஒரு பிக்கப். முன் சக்கரங்களிலிருந்து புகை. நாற்றம் இருக்கிறதே, ரப்பரும் மீன் முள்ளும் சேர்ந்து எரிகிற மாதிரி. அதை ஓட்டி வந்த பையன் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு சக்கரத்துக்குப் போகிறான். "டேய் தம்பி, ஊத்தாதே!" என்று வண்டியிலிருந்தே கத்தினேன். வார்ப்பிரும்பு டிஸ்க் கனகனவென்று இருக்கும்போது தண்ணீர் பட்டால் விரிசல் விழும். காற்றில்தான் ஆற வேண்டும். ஒரு டீ இல்லை, இரண்டு டீ குடிக்கிற நேரம் ஆகும். குடித்தோம்.

மறுநாள் காலை பட்டறையில் ஜாக்கி போட்டுக் கழற்றினோம். பேட் போட்டு இரண்டே நாள். பாதி விலைக்கு எங்கோ வாங்கியிருக்கிறான். "கடை வாசல்ல மிதிச்சப்போ பச்சக்குன்னு நின்னுச்சுண்ணா" என்கிறான். நிற்கும், ஏன் நிற்காது? வாசலில் பிரேக் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடக்கிறது. பத்தாவது கொண்டை ஊசி வளைவில் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தப் பேடைத்தான் டப்பாவில் வைத்திருக்கிறேன். மைக் பக்கத்தில் நகத்தால் சுரண்டுகிறேன், கேட்கிறதா? கண்ணாடியைச் சுரண்டுகிற சத்தம். சூட்டில் முகம் இறுகி, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறது. டிஸ்க் மயில் கழுத்து நீலத்துக்குப் போயிருந்தது.

சரி, வாங்கும்போது எப்படித் தெரிந்துகொள்வது? சில பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து அச்சடித்திருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் எவ்வளவு பிடிக்கும், இரண்டாவது எழுத்து நல்ல சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும். 'இ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை. 'எஃப்-இ' என்று இருந்தால் சூட்டில் பிடிப்பு இறங்குகிறது என்று அர்த்தம். மலைக்கு 'எஃப்-எஃப்' கேளுங்கள். அந்த எழுத்து ஆயுளைச் சொல்லாது, பிடிப்பை மட்டும்தான் சொல்லும். செராமிக் பேட் சத்தமில்லாதது, தூசி குறைவு, காருக்கு அருமை. லோடு வண்டிக்கு நான் போடுவது செமி மெட்டாலிக், அதாவது உலோகம் கலந்த பேட். கொஞ்சம் கிறீச்சிடும், டிஸ்க்கையும் கொஞ்சம் தின்னும். தின்னட்டும்.

டிஸ்க் என்று நான் சொல்வதைப் புத்தகத்தில் ரோட்டர் என்று போட்டிருப்பார்கள். இந்தக் கனத்துக்குக் கீழே தேய்ந்தால் ஓட்டக் கூடாது என்று ஒரு மில்லிமீட்டர் கணக்கை அதன்மேலேயே பொறித்திருப்பார்கள். வெர்னியர் என்கிற கனம் பார்க்கும் கருவியை வைத்து அளக்கும்போது ஒரு ஏமாற்று உண்டு. தேயாத ஓரம் வரப்பு மாதிரி நிற்கும். வெர்னியர் அதன்மேல் உட்கார்ந்து கனம் அதிகம் என்று பொய் சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நாணயம் ஒவ்வொன்று வைத்து அளந்து, நாணயக் கனத்தைக் கழித்துவிடுங்கள். மெலிந்த டிஸ்க்கை லேத்தில் கடைந்து மேலும் மெலிய வைத்தால் அது இன்னும் சீக்கிரம் சூடேறும். புது டிஸ்க்கில் துளை போட்டது அழகுதான்; ஆனால் அந்தத் துளையிலிருந்துதான் விரிசல் புறப்படும். லோடுக்கு, துளையில்லாமல் நடுவில் காற்றுச் சந்து விட்ட டிஸ்க் போதும். கையில் தூக்கிப் பாருங்கள். அதே அளவில் எடை குறைவாக இருந்தால் இரும்பைத் திருடியிருக்கிறார்கள்.

அந்தப் பையன் கதை முடியவில்லை. பேட் மட்டமானது, சரி. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் பின்னால் பாரம் தாங்குகிற வில்லான கமான் பட்டை இரண்டு கூடுதலாகச் செருகியிருக்கிறது. கூடுதல் லோடு ஏற்றத்தான்! பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே ஒரு வால்வுக்குப் போகும். லோடு ஏறி வண்டி பின்னால் தாழ்ந்தால், பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். காலி வண்டி என்றால் குறைக்கும். பட்டை சேர்த்ததும் எவ்வளவு ஏற்றினாலும் வண்டி தாழ்வதில்லை. வால்வு பாவம், காலி வண்டி என்றே நினைக்கிறது. முழு பாரமும் முன் டிஸ்க் தலையில். இப்படிப்பட்ட வண்டிக்குத் தங்கத்தில் பேட் போட்டாலும் கருகும். பட்டை சேர்த்தால் அந்த வால்வைத் திரும்ப செட் பண்ண வேண்டும். இதை நான் சொல்லிச் சொல்லி... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம்.

வேகமாகச் சொல்கிறேன். பேட் மாற்றினால் இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள். பேடை டிஸ்க்மேல் அழுத்துகிற காலிபர் நகர்கிற பின்கள் இறுகியிருந்தால் பேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேயும், கிரீஸ் வையுங்கள். புது பேடோடு நேரே மலைக்குப் போகாதீர்கள். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுக்க நிறுத்தாமல், இருபது தடவை, நடுநடுவே ஆற விட்டுப் பழக்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். டாட் 4 என்கிற தரத்து ஆயில் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பின் சக்கர டிரம் பிரேக் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், இனி நேரமில்லை. வணக்கம்.