கேபிளைப் பிடுங்கிய பிறகும் கலையாத நினைவகம்

(திரையில்: லினக்ஸ் மடிக்கணினி, பக்கத்தில் ஒரு யூஎஸ்பி சீரியல் கேபிள்)

வணக்கம். இந்தக் கேபிளைச் செருகியதும் டிடிஒய்யூஎஸ்பி0 என்று ஒரு சாதனக் கோப்பு வந்துவிட்டது. ஒரு சின்ன புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கிறது. அதை மூடாமலே கேபிளைப் பிடுங்குகிறேன். மறுபடி செருகுகிறேன். பாருங்கள், இந்த முறை வந்தது டிடிஒய்யூஎஸ்பி1.

0 ஏன் திரும்பக் கிடைக்கவில்லை? அந்த எண்ணை இன்னும் ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். கேபிள் வெளியே வந்துவிட்டது, ஆனால் அதற்காக லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒதுக்கிய நினைவகம் கலையவில்லை. சாதனத்தின் ஆயுள் வேறு, அதற்காக நினைவகத்தில் உருவாக்கிய பொருளின் (ஆப்ஜெக்ட்) ஆயுள் வேறு. சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவரை எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனால்கூட, சாப்பிடுகிறவர் முன்னாலிருந்து இலையை உருவ மாட்டோம். அவர் எழுந்த பிறகுதான் எடுப்போம். இன்னும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கணக்குதான் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை. லினக்ஸில் அதற்கென்றே இருக்கும் சின்ன அமைப்பின் பெயர் கேரெஃப்.

(திரையில்: பெரிய எழுத்தில் 1)

கெர்னலோடு யூஎஸ்பி ஸ்கெலிட்டன் என்று ஒரு மாதிரி டிரைவர் வருகிறது. அதையே பார்ப்போம். சாதனத்தைச் செருகியதும் டிரைவரின் தொடக்க ஃபங்ஷனான பிரோப் ஓடுகிறது, எண்ணிக்கை 1. புரோகிராம் கோப்பைத் திறந்ததும் 2. பிடுங்கியதும் டிஸ்கனெக்ட் ஓடுகிறது. அது ‘சாதனம் போய்விட்டது’ என்று ஓர் இடத்தில் குறித்துவிட்டு, தன் பங்கை மட்டும் விடுகிறது. மறுபடி 1. இந்த நேரத்தில் புரோகிராம் படிக்க முயன்றால், டிரைவர் அந்தக் குறிப்பைப் பார்த்து ‘அப்படி ஒரு சாதனம் இல்லை’ என்று பிழை சொல்லும். அதைப் பார்ப்பதற்கே நினைவகம் உயிரோடு இருக்க வேண்டும், இல்லையா? கடைசியில் புரோகிராம் கோப்பை மூடும்போது எண்ணிக்கை 0. அப்போதுதான் ரிலீஸ் ஃபங்ஷன் ஓடி நினைவகத்தை விடுவிக்கிறது.

டிஸ்கனெக்ட்டிலேயே, நினைவகத்தை நேரடியாக விடுவிக்கும் கேஃப்ரீ போட்டுவிட்டால்? அந்த இடத்தை கெர்னல் வேறு யாருக்காவது கொடுத்துவிடும். பழைய சுட்டி (நினைவக முகவரி) வழியாகப் போகும் புரோகிராம் அடுத்தவர் தரவில் கை வைக்கும். கணினி விழுந்தால் நல்லது என்றே சொல்வேன், பிழை கண்ணில் பட்டுவிடுகிறது. விழாமல் ஓடிக்கொண்டிருந்தால்தான் பயம். தாக்குபவர்கள் தேடுவது அந்த ஓட்டையைத்தான்.

இதே தவறுக்கு இன்னொரு முகம் உண்டு. டெவ்எம் என்று தொடங்கும் ஃபங்ஷன்களில் நினைவகம் வாங்கினால், டிரைவர் சாதனத்தை விட்டுப் பிரியும்போது அது தானாகவே விடுபடும். வசதிதான். ஆனால் அது பார்ப்பது டிரைவர் பிரிந்துவிட்டதா என்பதை மட்டும். கோப்பு திறந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. சாதனக் கோப்பு வழியே எட்டக்கூடிய எதையும் அதில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, ஒவ்வொரு சாதனத்தையும் குறிக்க கெர்னல் வைத்திருக்கும் ஸ்ட்ரக்ட் டிவைஸ் என்ற அமைப்புக்கு வருவோம். அதைப் பதிவுசெய்யும் டிவைஸ் ரெஜிஸ்டர் தோற்றால் பலர் நேராக கேஃப்ரீ போடுகிறார்கள். தோற்றாலும் எண்ணிக்கை தொடங்கிவிட்டது, ஆகவே பங்கை விடும் புட் டிவைஸ்தான் சரி. ரிலீஸ் ஃபங்ஷனே இல்லை என்றால் கெர்னல் எச்சரிக்கும். அதன் வாயை அடைக்க வெற்று ஃபங்ஷன் எழுதாதீர்கள் என்று கெர்னல் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது.

இன்னொன்று. எண்ணிக்கை 0 ஆன பொருளை மறுபடி 1 ஆக்கி எழுப்ப முடியாது. பட்டியலில் தேடி எடுக்கும்போது, கண்டுபிடிப்பதற்கும் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கும் நடுவில் இன்னொருவர் கடைசிப் பங்கை விட்டுவிடலாம். அதனால் அந்த இரண்டையும் பூட்டுக்குள் செய்கிறோம், அல்லது ‘0 இல்லையென்றால் மட்டும் கூட்டு’ என்ற வகையைப் பயன்படுத்துகிறோம். 2017-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து ரெஃப்கவுன்ட் என்ற தனி வகை இருக்கிறது. எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் அது 0-க்குச் சுற்றி வராமல் உச்சத்திலேயே நின்றுவிடும். நினைவகம் கொஞ்சம் வீணாகும், ஆனால் பிறர் கையில் சிக்காது.

(திரையில்: கெர்னல் அமைப்புப் பட்டியல்)

உங்கள் டிரைவரைச் சோதிக்க, விடுவித்த நினைவகத்தைத் தொடுவதைக் கண்டுபிடிக்கும் காசன், டீபக் கேஆப்ஜெக்ட் ரிலீஸ் இரண்டையும் இயக்கி கெர்னலைக் கட்டுங்கள். இரண்டாவது, ஸ்ட்ரக்ட் டிவைஸ் போன்றவற்றுக்குள் எண்ணிக்கையை வைத்திருக்கும் கேஆப்ஜெக்ட்டுகளின் ரிலீஸை வேண்டுமென்றே சில விநாடிகள் தள்ளிப்போடும். அப்புறம் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே கேபிளைப் பிடுங்குங்கள், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜைப் பாருங்கள்.