வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

நண்பர்களே, வணக்கம்.

மேற்கத்திய ஓவியம் படிக்க வருகிறவர்கள் கையில் முதலில் ஓவியப் பாணிகளின் பட்டியல் ஒன்றுதான் கிடைக்கிறது. பரோக், ரொக்கோக்கோ, நவசெவ்வியல், கற்பனாவாதம், யதார்த்தவாதம், இம்ப்ரெஷனிசம், அதற்குப் பின் வந்தவை. நானும் அதை மனப்பாடம் செய்தவன்தான். மதிப்பெண் வந்தது, ஓவியம் வரவில்லை. பட்டியலை ஒதுக்கிவிட்டு ஒரே கேள்வியோடு படங்களின் முன் நின்ற பிறகுதான் கண் திறந்தது. இந்தப் படத்துக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தில் இத்தாலிய பரோக் ஓவியர் கரவாஜியோ 1599-1600இல் வரைந்த ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ இருக்கிறது. வரி வசூலிப்பவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காசு எண்ணுகிறார்கள். வலப்பக்கம் இயேசு கை நீட்டுகிறார். அவர் தலைக்கு மேலாகச் சாய்ந்து வந்து சுவரில் விழுகிறது வெளிச்சம். அந்தச் சுவரில் சன்னல் ஒன்று உண்டு. ஆனால் அதன் வழியே துளி ஒளிகூட வரவில்லை, கவனியுங்கள். இயேசு வந்த திசையிலிருந்தே ஒளியும் வருகிறது. இங்கே வெளிச்சம் என்றால் அருள். எழுத்தறியாத பக்தருக்கும் அது ஒரு நொடியில் விளங்கும்.

அலங்காரமும் விளையாட்டும் நிறைந்த ரொக்கோக்கோவை வேகமாகக் கடக்கிறேன். அந்தப் பாணியின் பிரெஞ்சு ஓவியர் பிரகோனார் வரைந்த ‘ஊஞ்சல்’ அழகுதான், என் மனம் அங்கே நிற்பதில்லை. அது போய் நிற்கும் இடம் ஸ்பானிய ஓவியர் கோயா.

1808 மே 3 அன்று பிரெஞ்சுப் படை மாட்ரிட் மக்களைச் சுட்டுக் கொன்றதை, கோயா 1814இல் வரைந்தார். தரையில் பெரிய சதுர லாந்தர் ஒன்று இருக்கிறது. அதன் ஒளியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இரு கைகளையும் விரித்து நிற்கிறார். சிப்பாய்களின் முகம் நமக்குத் தெரியாது. பின்னால், இருட்டுக்குள் ஒரு கோபுரம். அந்தப் பக்கமிருந்து எந்த ஒளியும் வரவில்லை. கரவாஜியோவில் அழைப்பதற்கு வந்த வெளிச்சம், இங்கே குறிபார்ப்பதற்கு உதவுகிறது. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருநூறு ஆண்டுகளில் ஐரோப்பா எதை இழந்தது என்று எந்தப் பாடநூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

அடுத்த திருப்பம் ஒரு தகரக் குழாயில் வந்தது. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் மூடி போட்ட வண்ணக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்தார்கள். ஒழுகும், காயும். குழாய் வந்ததும் வெயிலில் உட்கார்ந்து வரைவது எளிதானது. பிரெஞ்சு இம்ப்ரெஷனிச ஓவியர் மோனே 1892, 1893 ஆண்டுகளில் பிரான்சின் ரூவான் நகரத்துத் தேவாலயத்துக்கு எதிரே அறை பிடித்து, அதன் ஒரே முகப்பை முப்பதுக்கும் மேற்பட்ட முறை வரைந்தார். காலை நீலம், நண்பகல் மஞ்சள், மாலைச் சிவப்பு. கல் கட்டடம் கரைந்துபோய் ஒளி மட்டுமே படமாகிவிட்டது.

அடுத்து வந்த பிரெஞ்சு ஓவியர் செசான், இப்படி எல்லாம் ஒளியில் கரைவதற்கு உடன்படவில்லை. தெற்கு பிரான்சின் எக்ஸ் நகரத்து வீட்டைச் சுற்றியே அலைந்து, சாந்த் விக்துவார் மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1906இல் இறக்கும் வரை விடவில்லை. அந்தக் கடைசிப் படங்களில் என் கேள்விக்குப் பதில் கிடைக்காது. காலையா மாலையா, சூரியன் எந்தப் பக்கம், தெரியாது. பச்சைத் திட்டு, நீலத் திட்டு, காவித் திட்டு. அவற்றின் மேல் மலை நிற்கிறது.