துடுப்பின் மறுமுனையில்

(மட்டக்களப்பு, கல்லடிக் கடற்கரையில் போயா என்ற பூரணை இரவொன்றில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘நிலவை அறிய மனிதரே போகவேண்டுமா, இயந்திரம் போதுமா?’ ‘இயந்திரம் போதும்’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எங்கள் அணித் தலைவருக்கும், இவ்வளவு நேரமும் கைதட்டை அள்ளிக்கொண்டு போன எதிரணியினருக்கும், மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி இருக்கிறீர்கள். மேடையில் நிற்கிற எனக்குத்தான் அந்தக் காட்சி கிடைத்திருக்கிறது. எதிரணித் தலைவர் சேர் பேசத் தொடங்கியபோது நிலவு தண்ணீருக்கு மேல் செம்பு நிறத்தில் அரைத்தட்டாக இருந்தது. இப்போது மேலே ஏறி வெளுத்துவிட்டது. அவருடைய வாதமும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நீங்களாகச் சிரித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

சேர் மூன்று சொன்னார். 1969 ஜூலை 20 அன்று கணினியை நம்பியிருந்தால் அப்பலோ கலம் பாறைகளுக்கு நடுவே போய் இறங்கியிருக்கும், ஆம்ஸ்ட்ரோங்கின் கைதான் காப்பாற்றியது என்றார். 1972 டிசம்பரில் ஹரிசன் ஷ்மிட் என்ற பாறை ஆய்வாளர் சாம்பல் நிற நிலத்தில் செம்மஞ்சள் மண்ணைக் கண்டு கத்தினாரே, அது மனிதக் கண் என்றார். கடைசியாக, இயந்திரம் போனால் யாருக்கு நெஞ்சு சிலிர்க்கும் என்று கேட்டார். கைதட்டல் அங்கேதான் பலமாக விழுந்தது, எனக்கும் கேட்டது.

ஆம்ஸ்ட்ரோங்கை மறுக்க நான் வரவில்லை. ஆனால் அன்றைய கணினி எப்படிப்பட்டது என்பதையும் சேர் சொல்லியிருக்கலாம். அதற்கான நிரலை நெய்தார்கள், ஐயா. உண்மையாகவே நெய்தார்கள். சின்னச் சின்னக் காந்த வளையங்கள். செம்புக் கம்பி வளையத்துக்குள்ளால் போனால் ஒன்று, வெளியால் போனால் பூச்சியம். தொழிற்சாலைப் பெண்கள் ஊசியும் கையுமாக இருந்து வாரக்கணக்கில் கோத்த நினைவகம் அது. மருதமுனையில் தறிக்கு முன்னால் இருந்து சாரம் நெய்கிற ஒருவரிடம் இதைச் சொன்னால், “ஓர் இழை பிசகினால் என்ன செய்வார்கள்?” என்றுதான் முதலில் கேட்பார். நல்ல கேள்வி. மொத்த நினைவகமும் 80 கிலோபைட்டுக்குக் குறைவு. விடிந்ததும் உங்கள் கைப்பேசிக்கு வருகிற காலை வணக்கப் பூப்படம் அதைவிடப் பெரியது. இறங்குகிற நேரத்தில் அந்தக் கணினி வேலைப்பளு தாங்காமல் 1202 என்று எச்சரிக்கை காட்டியது. அதை வைத்து இன்றைய இயந்திரத்தை எடைபோடுவது, மாட்டுவண்டியை ஓடி முந்தியவர் அந்தத் தெம்பில் ரயிலோடு ஓட வருவதைப் போன்றது.

இனி 2023 ஓகஸ்ட் 23, மாலை 6.04. நமக்கும் இந்தியாவுக்கும் ஒரே கடிகாரம்; மாற்றிக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. 30 கிலோமீற்றர் உயரத்திலிருந்து, இந்தியாவின் சந்திரயான் 3 கொண்டுபோன விக்ரம் என்ற ஆளில்லாக் கலம் நிலவில் இறங்கத் தொடங்கிய பிறகு தரையிலிருந்து யாரும் அதை ஓட்டவில்லை. ஏறத்தாழ 150 மீற்றர் உயரத்தில் தரித்து நின்று, தன் கமராக்களால் கீழே பார்த்து, பள்ளமும் பாறையும் இல்லாத இடம் தேடி இறங்கியது. ஆம்ஸ்ட்ரோங் கையால் செய்ததும் அதுதானே? இதற்காக நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையை இடித்து, நிலவு மண்ணைப் போலாக்கி, அதில் பழக்கிப் பார்த்திருந்தார்கள். ஆம்ஸ்ட்ரோங் இறங்கியதற்கும் விக்ரம் இறங்கியதற்கும் எனக்குத் தெரிகிற பெரிய வேறுபாடு ஒன்றுதான். இதற்குள்ளே யாருடைய பிள்ளையும் இல்லை.

செம்மஞ்சள் மண்ணுக்கு வருகிறேன். சேர் பாதிக் கதையில் மேடையை விட்டு இறங்கிவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். அப்பலோ பயணங்கள் ஆறும் கொண்டுவந்தது 382 கிலோ கல்லும் மண்ணும். அத்தனையையும் வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் சொன்னது, நிலவு எலும்பைப் போல் காய்ந்த இடம் என்று. 2008இல் அதே செம்மஞ்சள் மண்ணிலிருந்த கண்ணாடி மணிகளைப் புதிய நுண்கருவியில் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே நீரின் தடயம். 36 வருடம் அலுமாரிக்குள் இருந்த மண்! அடுத்த வருடம், இந்தியா நிலவைச் சுற்ற அனுப்பிய சந்திரயான் 1 சுமந்துபோன நாசாவின் கருவி, நிலவின் மேற்பரப்பிலேயே நீர் மூலக்கூறுகளின் தடயம் பரந்து கிடப்பதைக் காட்டியது. சந்திரயான் 1இல் ஒரு மனிதன் கூட இல்லை. ஆகவே சேர், கண்டெடுத்தது மனிதன், கண்டுபிடித்தது கருவி. பெயரைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வோம், எனக்கு ஆட்சேபமில்லை.

சேருக்குப் பின் வந்த எதிரணித் தங்கச்சி ஒரு கணக்குக் காட்டினார். அப்பலோ 17இல் போனவர்கள் மூன்று நாளில் வண்டியில் 35 கிலோமீற்றர் ஓடினார்கள், விக்ரம் இறக்கிவிட்ட பிரக்யான் என்ற சின்ன வண்டி ஏறத்தாழப் பத்து நாளில் ஓடியது 100 மீற்றர் என்றார். கணக்குச் சரி. நான் கணக்குப் பாடம் படிப்பிக்கிறவள். சரியான விடைக்குப் புள்ளி போடாமல் விடமாட்டேன். ஆனால் தங்கச்சி, பற்றுச்சீட்டையும் காட்டவேண்டும். மனிதரை மறுபடி நிலவுக்கு அனுப்புகிற நாசாவின் ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் முதல் நான்கு பயணங்களில் ரொக்கெட்டும் ஆட்கள் ஏறுகிற ஓரியன் கலமும் சேர்ந்து ஒரு தடவை ஏவுவதற்கே 410 கோடி டொலர் என்று நாசாவின் தலைமைக் கண்காணிப்பாளரே 2022இல் அமெரிக்கக் காங்கிரசில் சொன்னார். நிலவில் இறங்குகிற கலத்தின் விலை அதில் சேரவில்லை. சந்திரயான் 3க்கு ஆனது ஏறத்தாழ 615 கோடி இந்திய ரூபாய், அதாவது ஏழரைக் கோடி டொலர் அளவு. வகுத்துப் பாருங்கள். ஒரு தடவை மனிதரை ஏற்றி விடுகிற காசில் ஐம்பது விக்ரம் ஐம்பது இடத்தில் இறங்கும்.

ஏன் இவ்வளவு வேறுபாடு? பிரக்யான் 26 கிலோ. ஒரு மூட்டை நெல்லில் பாதிகூட இல்லை. அதற்குச் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மூச்சு வேண்டாம், கழிப்பறை வேண்டாம். எல்லாவற்றையும்விட, திரும்பிவர டிக்கெட் வேண்டாம். மனிதன் போனால் திரும்பி வருகிற ரொக்கெட்டையும் போகும்போதே சுமந்து போகவேண்டும்.

இயந்திரம் விழும். மறைக்கவில்லை. 2019இல் இஸ்ரேலின் கலம் விழுந்தது, அதே வருடம் செப்டெம்பரில் முதல் விக்ரம் விழுந்தது, 2023இல் யப்பானியத் தனியார் கலமும் ரஷ்யாவின் லூனா 25உம் விழுந்தன. 2024 ஜனவரியில் யப்பானின் ஸ்லிம் இருக்கிறதே, அது குறித்த இடத்திலிருந்து 55 மீற்றருக்குள் போய் இறங்கி, மூக்குக் குத்திக் கவிழ்ந்து நின்றது. சூரியத் தகடு தவறான பக்கம் பார்த்தது, மின்சாரம் இல்லை. சரி, முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். சில நாளில் வெயில் அந்தப் பக்கம் திரும்ப, அது கண் விழித்துப் படம் அனுப்பியது. நிலவின் இரவு நமக்குப் பதினான்கு நாள். அப்படி மூன்று இரவைத் தலைகீழாக நின்றே கழித்தது. ஒரு மனிதனைத் தலைகீழாக மூன்று இரவு நிறுத்தச் சேர் சம்மதிப்பாரா?

1967 ஜனவரி 27. அப்பலோ 1. பறக்கக்கூட இல்லை, தரையில் ஒத்திகை. கலத்துக்குள் தீப்பிடித்து கிறிசம், வைற், சஃபி என்ற மூன்று பேரும் இறந்துபோனார்கள். இரண்டரை வருடம் கழித்து ஆம்ஸ்ட்ரோங்கும் ஓல்ட்ரினும் போனபோது, அவர்கள் அங்கேயே மாண்டுபோனால் ஜனாதிபதி நிக்சன் வாசிப்பதற்கு ஓர் இரங்கலுரையை முன்னாலேயே எழுதி வைத்திருந்தார்கள். கடலுக்குப் போனவனுக்காகக் கரையில் காத்திருப்பது என்றால் என்ன என்று இந்த மாவட்டத்துத் தாய்மாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்குப் போகாமலே திரும்பிவராதவர்களுக்காகக் காத்திருப்பதும் அவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் நான் பேசமாட்டேன்.

முதல் விக்ரம் விழுந்த இரவு இஸ்ரோவின் தலைவர் சிவன் அழுததை உலகமே பார்த்தது. ஆனால் எந்த வீட்டிலும் பறை ஒலிக்கவில்லை. நான்கு வருடத்துக்குள் அடுத்த விக்ரம் போனது.

இன்னொரு செய்தி, இதை நம் ஊர்ப் பாஷையில் சொன்னால்தான் விளங்கும். நம் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை; நிலவுக்கும் அப்படி இரண்டு கரை உண்டு. அது தன்னைத்தானே ஒருமுறை சுற்றுகிற நேரமும் பூமியைச் சுற்றுகிற நேரமும் ஒன்று என்பதால் நமக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது. மறுமுகம் படுவான்கரை. நகரத்துக்காரர் திரும்பிப் பாராத பக்கம். (நான் அங்கே படிப்பிக்கிறவள், எனக்குச் சொல்ல உரிமை உண்டு.) அந்தப் பக்கம் போனால் வானொலி அலை பூமிக்கு வராது, நிலவே மறைத்துவிடும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை நாங்கள் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் காத்துக் கிடப்போம். சீனர்களுக்கும் அதே சிக்கல். 2018இல் முதலில் பாலம் போட்டார்கள். செய்தியைக் கைமாற்றிவிடுகிற ஒரு செய்மதி. அதற்கு வைத்த பெயரே பாலம்தான், பறவைகள் கூடிக் கட்டிய பாலம் என்று அவர்களுடைய பழங்கதையில் வருகிறது. 2019 ஜனவரி 3 அன்று அவர்களுடைய ஆளில்லாக் கலம் சாங்ஙே 4 அந்தக் கரையில் இறங்கியது. 2024 ஜூன் 25 அன்று சாங்ஙே 6 அங்கிருந்து 1,935 கிராம் மண்ணோடு பூமிக்கு வந்து சேர்ந்தது. நிலவில் நடந்த 12 பேரில் ஒருவரும் அந்தக் கரையை மிதித்ததில்லை, நடுவர் ஐயா. மிதிக்காத இடத்து மண் நம் கையில் இருக்கிறது.

மணியைத் தொடுகிறார்கள், தெரிகிறது. சிலிர்ப்புக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்த ஓகஸ்ட் மாலை எனக்கு டியூசன் வகுப்பு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினொரு பேர். கைப்பேசியை வெண்கட்டிப் பெட்டியில் சாய்த்து வைத்தேன். சமிக்ஞை விட்டு விட்டு வந்தது. படம் உறைந்து உறைந்து நகர்ந்தது. ஒரு பிள்ளை உயரத்தை உரக்க வாசித்துக்கொண்டே வந்தாள். எண்ணூறு மீற்றர், நூற்றைம்பது மீற்றர். அங்கே எண் நின்றுவிட்டது. கலம் நின்றதா, எங்கள் சமிக்ஞை நின்றதா என்று தெரியவில்லை. ஒருவரும் மூச்சு விடவில்லை. வெளியே யாரோ மாட்டை ஓட்டிப்போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு திரையில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “உள்ளே யார் டீச்சர் இருக்கிறார்கள்?”

“யாரும் இல்லை.”

“அப்படியென்றால் நீங்கள் ஏன் அழுகிறீர்கள்?”

பிள்ளைக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில், பாலத்தடியில்தான் தெரிந்தது. பூரணை இரவில் இந்தக் கல்லடிப் பாலத்தடியில் வாவி பாடும். பாடுவது மீனா, ஊரிச் சங்கா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை, முடியாமலே இருக்கட்டும். அதை எப்படிக் கேட்கிறோம்? தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைக்கிறோம். எங்கள் அப்பாவின் மடியில் இருந்து நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்டது துடுப்பா, நானா?

விக்ரமும் ஒரு துடுப்பை இறக்கியது. மண்ணுக்குள் 10 சென்ரிமீற்றர் வரை இறங்கக்கூடிய ஒரு கோல். மேலே 50 பாகைக்கு மேல் வெயில்; 8 சென்ரிமீற்றர் கீழே பூச்சியத்துக்கும் கீழ் 10 பாகைக் குளிர். நாலு விரற்கடை ஆழத்துக்குள் சித்திரை வெயிலும் உறைபனியும். தென்துருவத்துக்கு அருகே மண்ணின் வெப்பத்தைத் தொட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுமுனையில் காதை வைத்திருந்தவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். எங்கள் டியூசன் கொட்டிலிலும் பன்னிரண்டு பேர் இருந்தோம்.

இந்த நிகழ்ச்சி முடிந்ததும் என் தம்பி தோணியோடு பாலத்தடியில் நிற்பான். சேரையும் தங்கச்சியையும் அழைத்திருக்கிறேன். ஆளுக்கொரு துடுப்புத் தருவோம். இல்லை, நான் வாவிக்குள் இறங்கித்தான் கேட்பேன் என்று சேர் பிடிவாதம் பிடித்தால், நடுவர் ஐயா, துவாய் நான் கொண்டுவந்திருக்கிறேன்.