லூகோ பாலத்தில் ஒரு ராத்திரி

வணக்கம் நேயர்களே.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே பிடிபடும். கிளம்பும் நேரத்தில் பஸ்ஸில் ஏறித் தலை எண்ணுவோம். ஒன்று குறையும். வயிற்றில் புளியைக் கரைக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன் எங்கிருந்தோ வந்து நிற்பான், உயிர் திரும்பி வரும். வரலாறு வாத்தியாராக இருந்த எனக்கு, அப்படி எண்ணும்போதெல்லாம் 1937 ஜூலை 7 ராத்திரிதான் ஞாபகம் வரும். சீனாவில் அன்று ஜப்பானியப் படையில் ஒரு தலை குறைந்தது. அந்த ஆளும் திரும்பி வந்துவிட்டான். ஆனால் அந்த ராத்திரி தொடங்கிய போர் முடிய எட்டு வருஷம் ஆனது.

இன்று பெய்ஜிங் என்கிறோமே, அந்தப் பீக்கிங் நகரத்துக்குத் தென்மேற்கே யோங்டிங் ஆற்றின் மேல் லூகோ பாலம் இருக்கிறது. 1192-இல் கட்டி முடித்த கல் பாலம், பதினோரு வளைவுகள். மார்க்கோ போலோ பார்த்து வியந்து எழுதியதால் வெளிநாட்டார் அவர் பெயராலேயே அதைச் சொல்வார்கள். கைப்பிடிச் சுவர் நெடுக, தூணுக்குத் தூண் சிங்கம். பெரிய சிங்கத்தின் காலடியில் ஒரு குட்டி, முதுகில் ஒன்று, வயிற்றுக்கடியில் ஒளிந்தபடி இன்னொன்று. எத்தனை முறை எண்ணினாலும் கணக்கு இடிக்கும். எண்ணி மாளாத எதையும் லூகோ பாலத்துச் சிங்கம் போல என்று சொல்வது அங்கே ஒரு வழக்கம். பாலத்தின் கிழக்குக் கரையில் வான்பிங் என்று மதில் சூழ்ந்த சின்ன ஊர். அங்கே சீனத்து 29-ஆம் படை காவல் இருந்தது.

சரி, சீன மண்ணில் ஜப்பான் படைக்கு என்ன வேலை? 1901 உடன்படிக்கை. பீக்கிங்கிலிருந்து கடற்கரை வரை ரயில் பாதையைக் காக்கப் படை வைத்துக்கொள்ளலாம் என்று வெளிநாடுகளுக்கு அது அனுமதி கொடுத்தது. 1931-இல் சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவைப் பிடித்த ஜப்பான், 1936-இல் இந்தக் காவல் படையையும் பல மடங்கு பெருக்கிக்கொண்டது.

அன்று ராத்திரி பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பானியப் படைப்பிரிவு ஒன்று பயிற்சியில் இருந்தது. பத்தரை மணிக்கு மேல் இருட்டில் சில வெடிச்சத்தம். யார் சுட்டது என்று இன்றுவரை தீரவில்லை. ஆளை எண்ணினால் ஒரு சிப்பாயைக் காணோம். உடனே மேலிடத்துக்குச் செய்தி போனது. சுமார் இருபது நிமிஷத்தில் அவன் வந்துவிட்டான். இதை நேயர்கள் மனத்தில் வையுங்கள், ஆள் வந்துவிட்டான். ஆனால் கிளம்பிய செய்தி நிற்கவில்லை. வான்பிங்குக்குள் புகுந்து தேட வேண்டும் என்றார்கள். சீனர்கள் கதவைத் திறக்க மறுத்தார்கள். ஒரு பக்கம் பேச்சுவார்த்தை, மறுபக்கம் பட்டாளம் பாலத்தை நெருங்கியது. விடிவதற்குள், சுடலாம் என்று ஜப்பானிய ரெஜிமெண்ட் தளபதி அனுமதி கொடுத்தார். அவர் பெயர் முடாகுச்சி ரென்யா.

இந்தப் பெயரை விட்டு எனக்கு நகர மனம் வராது. ஏழு வருஷம் கழித்து, 1944-இல் இம்பால் மீது படையெடுத்த 15-ஆம் ராணுவத்தின் தலைவர் இதே முடாகுச்சிதான். லூகோ பாலத்துக் காலத்தில் அவருக்கு மேலே பிரிகேட் தளபதியாக இருந்தவர் கவாபே. பர்மாவிலும் அவருக்கு மேலதிகாரி அதே கவாபேதான்! பாலத்தில் நான் தொடங்கிய போரை இந்தியாவுக்குள் நுழைந்து நானே முடிக்க வேண்டும் என்ற எண்ணம் தனக்கு இருந்ததாக முடாகுச்சி பிற்பாடு சொல்லியிருக்கிறார். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்கள் திரளாகச் சேர்ந்தார்களே, அந்த இந்திய தேசிய ராணுவமும் இம்பால் போரில் கூடவே போனது. மழையும் பசியும் காய்ச்சலுமாகப் படை உருக்குலைந்தது. ஜூன் மாதம் கவாபே பார்க்க வந்தபோது, பின்வாங்கலாம் என்று சொல்ல முடாகுச்சிக்கு வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே புரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டாராம். கவாபேயும் கேட்கவில்லை. ஜூலையில்தான் பின்வாங்க உத்தரவு வந்தது. அதற்குள் எத்தனை ஆயிரம் பேர் அந்த மலைப்பாதையில் விழுந்துகிடந்தார்கள்! மேலிடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லத் தயங்கியதற்கு அவ்வளவு உயிர். பாலத்திலும் அதுதானே நடந்தது? ஆள் வந்துவிட்டான், படையைத் திருப்புங்கள் என்று சொல்லி முடிக்கவேண்டிய ராத்திரி அது.

முடித்திருக்கலாம். ஜூலை 11-ஆம் தேதி அங்கேயே ஒரு உடன்பாடு கண்டார்கள். அதே நாளில் டோக்கியோவில் பிரதமர் கோனோயேயின் அமைச்சரவை மேலும் படை அனுப்ப முடிவு செய்தது. ஜூலை 28-இல் பீக்கிங்குக்குத் தெற்கே நான்யுவான் என்ற சீனப் படைமுகாமை ஜப்பானிய விமானமும் பீரங்கியும் சேர்ந்து தாக்கின. அங்கே ராணுவப் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர்களும் மாண்டார்கள். தொங் லிங்கே, சாவ் தெங்யூ என்ற இரண்டு சீனத் தளபதிகள் ஒரே நாளில் விழுந்தார்கள். நம் பாடத்தில் இரண்டாம் உலகப்போர் 1939-இல் போலந்தில்தான் ஆரம்பம். அந்த மாணவர்களின் தாய்மாரிடம் போய் 1939 என்று சொல்ல முடியுமா? வகுப்பில் நான் 1937-ஐ முதலில் எழுதிப்போட்டுவிட்டுத்தான் போலந்துக்கு வருவேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. ஷாங்காயைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்திருந்தேன். ஆகஸ்ட் 13-இல் தொடங்கி மூன்று மாதம் தெருத்தெருவாக நடந்த சண்டை. அதன் கடைசியில், சிகாங் கிடங்கு என்ற கட்டடத்தில் நானூற்றுச் சொச்சம் சீன வீரர்கள், எண்ணூறு பேர் இருப்பதாக வெளியே சொல்லிக்கொண்டு நான்கு நாள் தாக்குப்பிடித்தார்கள். வாய்க்காலுக்கு எதிர்க்கரை வெளிநாட்டார் ஆட்சியில் இருந்த பகுதி. அங்கே ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். ஒரு காலையில் கிடங்கின் உச்சியில் சீனக் கொடி பறப்பதைக் கண்டு கரை முழுக்க ஆரவாரம் எழுந்தது. முந்தின ராத்திரி அந்தக் கொடியைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் யாங் ஹுய்மின் என்ற சாரணப் பெண்.

நன்றி நேயர்களே, வணக்கம்.