புறப்படும் முன்பே திரும்பும் கணக்கு

(சென்னையில் முன்னாள் படைவீரர்கள், தன்னார்வலர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தாம்பரம் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் விமானச் சத்தம் புதிதல்ல. பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களையே உருவாக்கும் விமானப்படைப் பள்ளி 1954 முதல் அங்கேதான் இருக்கிறது. பணி முடிந்ததும் சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை என்று இங்கேயே தங்கிவிட்டவர்கள் நிறையப் பேர். குறுகிய காலப் பணியில் சேரும் விமானிக்கு 14 ஆண்டுகள். வெளியே வரும்போது வயது நாற்பதைத் தொட்டிருக்காது, ஓய்வூதியமும் கிடையாது. கையில் ஒரு தொகை, வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். தொழில் தொடங்கலாமா என்ற யோசனை அப்போதுதான் வருகிறது.

"பைலட்டாக இருந்தவர், துணிச்சல்காரர், ஜெயித்துவிடுவார்" என்று சொந்தபந்தங்கள் சொல்லும். தொழிலில் பணத்தைத் தொலைத்தவர்களிடமும் துணிச்சலுக்குக் குறைவில்லை. விமானி கொண்டுவரும் உண்மையான சொத்து வேறு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பிங்கோ'.

கணக்குக்காக ஒரு விமானத்தில் 1,000 கிலோ எரிபொருள் என்று வைத்துக்கொள்வோம். (லிட்டரில் அல்ல, எடையில்தான் கணக்கிடுவார்கள். சூட்டில் எரிபொருள் விரியும், எடை மாறாது.) தளத்துக்குத் திரும்ப 300. அங்கே ஓடுபாதை அடைபட்டிருந்தால் அடுத்த தளத்துக்குப் போக 200. கடைசிக் கையிருப்பு 150. ஆக 650. அதுதான் பிங்கோ. முள் அங்கே வந்ததும், செய்துகொண்டிருக்கும் வேலை எதுவானாலும் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்குச் சற்று மேலே, 750-இல், 'ஜோக்கர்' என்று இன்னொரு கோடு. வேலையை முடித்துக்கொள் என்கிற முன்னெச்சரிக்கை அது. இந்த இரண்டு எண்களையும் தரையிலேயே குறித்துவிடுவார்கள். மேலே போனபின் "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்கிற ஆசைதான் கணக்குப் போடும்.

இதைத் தொழிலுக்குக் கொண்டுவாருங்கள். கையில் உள்ள முதலீடு 40 லட்சம். வாடகை, சம்பளம், தவணை, கரண்ட் பில் சேர்ந்து மாதம் 4 லட்சம். பலர் பத்து மாதம் தாங்கும் என்று நினைக்கிறார்கள். தாங்காது. கடையை மூடுவதற்கும் பணம் வேண்டும். ஆட்களுக்குக் கொடுக்க வேண்டியது, சரக்குக் கடன், வங்கி பாக்கி எல்லாம் 14 லட்சம் என்று வையுங்கள். அதற்குப்பின் வேறு வேலை தேடும் வரை வீட்டுச் செலவுக்கு 6 லட்சம். உங்கள் பிங்கோ 20 லட்சம். ஜோக்கர் 26. தாளில் எழுதி ஒரு நகலை வீட்டுக்காரியிடமும் இன்னொன்றை ஆடிட்டரிடமும் கொடுத்துவிடுங்கள். வரவேண்டிய பாக்கியை இதில் சேர்க்கவே கூடாது. அது டேங்கில் இல்லாத எரிபொருள்.

வராத பாக்கியில்தான் அம்பத்தூரிலும் கிண்டியிலும் சிறு பட்டறைகள் மூச்சுத் திணறுகின்றன. படையில் இன்டென்ட் என்கிற தேவைச் சீட்டைப் போட்டால் பொருள் வந்துவிடும், விலை கண்ணில் படாது. அந்தப் பழக்கத்தோடு வந்தவர் விலைப்புள்ளி கொடுக்கும்போது கழிவாகும் பீஸ், தேயும் டூல், தன் சொந்தச் சம்பளம் மூன்றையும் விட்டுவிடுகிறார். கடனுக்கு அனுப்பிவிட்டுக் கேட்கவும் கூச்சப்படுகிறார். முதல் பில் போடும் முன்பே, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான 'உத்யம்' பதிவைச் செய்யுங்கள். சிறு நிறுவனத்துக்கான பணத்தை, ஒப்பந்தம் இருந்தாலும், வாங்கியவர் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். தாமதித்தால் வட்டியும் உண்டு. பர்ச்சேஸ் ஆர்டரில் அந்த 45 நாளை எழுதி வாங்குங்கள்.

விமானங்களை நிறுத்திப் பராமரிக்கும் ஹாங்கரிலிருந்து பட்டறைக்கு எடுத்துவர வேண்டிய பொருள் ஒன்று உண்டு: டூல் போர்டு. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தையே பலகையில் வரைந்து வைத்திருப்பார்கள். மாலையில் ஒரு உருவம் காலியாகத் தெரிந்தால், அந்த ஸ்பேனர் கிடைக்கும்வரை விமானம் பறக்காது. இன்ஜினுக்குள் மறந்துவைத்த ஒரு ஸ்பேனர் போதும், உயிர் போக. பட்டறையிலும் பலகையைப் பார்த்த கண்ணுக்கு என்ன குறைகிறது என்று உடனே தெரியும், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இனி தன்னார்வலர்களுக்கு, வெள்ளம் பற்றி. 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை மீறியபோது விமான நிலையமே மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயங்கின. அந்த நாட்களில் தெருத்தெருவாகப் படகு விட்டவர்கள் தன்னார்வலர்கள். படகுக்கும் பிங்கோ உண்டு. பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கையிருப்பு. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்; 5 மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். அந்தப் பகுதியில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகாமல் இறங்கக் கூடாது. தெருவுக்குள் நுழைந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளுங்கள். மூழ்கிய காரும் சுற்றுச்சுவரும் புரொப்பல்லரை உடைக்கும்.

ஹெலிகாப்டர் மாடிக்கு மேல் வரும் என்றால் முதலில் கொடிக்கயிறு, தகரம், தொட்டி மூடி, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் அகற்றுங்கள். இறக்கையின் காற்று அவற்றைத் தூக்கி வீசும். மேலிருந்து கொக்கி இறங்கும்போது பதறி எட்டிப் பிடிக்காதீர்கள். பறக்கும்போது சேர்ந்த நிலைமின்சாரம் அதில் இருக்கும், பிடித்தவரைத் தூக்கி அடிக்கும். முதலில் அது தளத்தைத் தொடட்டும், பிறகு கையில் எடுங்கள். கொக்கியைக் கைப்பிடிச் சுவரிலோ கம்பியிலோ மாட்டவே கூடாது. மாட்டினால் ஹெலிகாப்டரைக் கட்டிடத்தோடு கட்டிவிட்டோம் என்று பொருள்.

மாலையில் எல்லோரும் களைத்திருப்பார்கள், வீட்டுக்குப் போகத்தான் தோன்றும். அப்போதுதான் இருபது நிமிடம் உட்கார வேண்டும். விமானிகள் இதை டீபிரீஃப் என்பார்கள். அந்த அறையில் விங் கமாண்டரின் தவற்றையும் இளையவர் சொல்லலாம், சொல்ல வேண்டும். யார் செய்தது என்ற கேள்வி அங்கே இல்லை, ஏன் நடந்தது என்பது மட்டும்தான். நம் பட்டறைகளில் முதலாளி திட்டுவார் என்று பையன் உடைந்த டிரில் பிட்டை மறைத்துவிடுகிறான். மறுநாள் ஐம்பது பீஸ் வீணாகிறது. வெள்ள வேலையிலும் அப்படித்தான். மூன்றாவது குறுக்குத் தெருவில் படகு எதில் இடித்தது என்பதைக் கழி பிடித்த கல்லூரிப் பையன்தான் பார்த்திருப்பான். அவனை முதலில் பேசவிடுங்கள். அவன் சொன்ன இடத்தில் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து, காலையில் கிளம்பும் முதல் படகுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.